மோட்டார் வந்த வருஷம்

கார்ப்பரேஷன் தண்ணி, கிணத்துத் தண்ணி, லாரித் தண்ணி, மழைத் தண்ணி. அயனாவரத்தில் நான் வளர்ந்த வீட்டில் இந்த நான்கும் தனித்தனிப் பாத்திரங்களில் இருந்தன. ஒன்றில் முக்கிய சொம்பை இன்னொன்றில் விடப்போனால் அம்மா கையிலிருந்து பறித்துக்கொள்வாள். கார்ப்பரேஷன் தண்ணி குடிக்க. அடுப்படி மூலையில் மரப்பலகை மேல் பித்தளைத் தவலை, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் கவிழ்த்த சொம்பு. லாரித் தண்ணி நீல ட்ரம்மில் நிற்கும். படிகாரக் கட்டியால் ஒரு சுற்றுச் சுற்றித் தெளியவைத்துச் சமையலுக்கு எடுப்பார்கள். கிணத்துத் தண்ணி கரிப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க அதுதான். மழைத் தண்ணி ஐப்பசி கார்த்திகையில் மட்டும் கிடைக்கும். ஓட்டுக்கூரையின் விளிம்பில் அண்டாவை வைத்துப் பிடித்த அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வெண்ணெயாகக் குழையும். கிணத்துத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது விதைவிதையாக நிற்கும்.

மெட்ராஸின் குடிநீர் 1978இலேயே மாநகராட்சியின் கையிலிருந்து தனி வாரியத்துக்குப் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு அது கடைசிவரை கார்ப்பரேஷன் தண்ணிதான்.

ஒரே வாசலுக்குள் நான்கு குடித்தனங்கள். நாங்கள் இரண்டாவது. அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களுக்குத் தண்ணீர்க் கவலை குறைவு என்பதால், அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் நாளை அம்மா பல வருஷம் எதிர்பார்த்தாள். எங்கள் வீட்டிலிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் நடந்து போகிற தூரம். செங்குன்றம் ஏரித் தண்ணீர் செங்கல் கட்டிய கால்வாய் வழியாக அங்கே வந்து, மணல் படுகைகளில் வடிகட்டப்பட்டு, 1914இலிருந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மதில் ஓரமாகத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். உள்ளே இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நம் வீட்டுக் குழாயில் ஏன் ஏறவில்லை என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். அவர் தரையில் விரலால் கோடு போட்டு, பெரிய குழாய், அதிலிருந்து சின்னக் குழாய், அதிலிருந்து இன்னும் சின்னது என்று கிளை பிரித்துக் காட்டினார். "ஒவ்வொரு கிளையிலயும் ஆளுங்க குடிச்சிக்கிட்டே வர்றாங்க. நாம கடைசில இருக்கோம்." 1981 கணக்கெடுப்பில் மாநகருக்குள் 33 லட்சம் பேர். 1991இல் 38 லட்சம். சுற்றுப்புறங்களையும் சேர்த்தால் 54 லட்சம். குழாய்கள் மட்டும் பழைய குழாய்கள்.

குழாயில் தானாக ஏறும் வேகம் இல்லாததால் வாசலில் அடிபம்பு இருந்தது. பம்பு இல்லாத வீடுகளில் தரையைத் தோண்டி இடுப்பளவுக் குழி எடுத்து, அதன் அடியில் குழாயைத் திறந்துவைத்திருப்பார்கள். பெண்கள் அந்தக் குழிக்குள் இறங்கி, சொம்பு சொம்பாக மொண்டு மேலே நிற்பவரிடம் நீட்டவேண்டும். எங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

தண்ணீர் விடியற்காலையில் வரும். நான்கு மணி என்பது கணக்கு. மூன்றரைக்கும் வரும், ஐந்துக்கும் வரும். வீட்டுக்கார ஆயா எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவாள். முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைப் பம்பின் தலையில் ஊற்றுவாள். உள்ளே இருக்கும் தோல் வாஷர் ஊறினால்தான் இழுக்கும். பிறகு கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பாள். தண்ணீர் வராவிட்டால் கைப்பிடி லேசாக, லொடலொடவென்று ஆடும். உள்ளிருந்து காற்றின் கொர்கொர் சத்தம் வரும். தண்ணீர் வந்துவிட்டால் கைப்பிடி கனத்துப்போகும். அந்தக் கனம் கையில் தட்டியதும் ஆயா குரல் கொடுப்பாள். "ஏம்மே, வந்துடுச்சு!" நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும்.

முதல் குடம் துருவும் சேறுமாகச் செம்பழுப்பில் இறங்கும். அது வாசல் தெளிக்க. அப்புறம் பம்பின் வாயில் அப்பாவின் பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்துக் கட்டுவார்கள். விடிந்தபின் அவிழ்த்துப் பார்த்தால் துணியில் பழுப்பு வட்டம் படிந்திருக்கும். சில நாள் நெளிகிற புழுவும் இருக்கும். குடித்தனத்துக்குக் குடித்தனம் முறை உண்டு. இன்று முதலில் பிடித்தவர் நாளை கடைசி. ஒருவர் அடிக்க, ஒருவர் குடம் மாற்ற, ஒருவர் உள்ளே கொண்டுபோய்ச் சாய்க்க. பிளாஸ்டிக் குடத்தில் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அம்மா அடிக்கும்போது ஒரு குடத்துக்கு இத்தனை அடி என்று வாய்க்குள் எண்ணுவாள். எண்ணிக்கை கூடினால் அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சநேரத்தில் நின்றுவிடும். உடனே பித்தளைக் குடத்தை முன்னுக்குத் தள்ளுவாள்.

அப்பா அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். ஷிப்டுக்குப் போகிறவர், எழுப்பக்கூடாது. என் தம்பியும் தூங்குவான். அவனுக்கு ஏழு வயதானபோதும் சரி, பதினான்கு வயதானபோதும் சரி, பம்படிக்கு வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு எட்டு வயதில் குடம் இடுப்புக்கு வந்தது. முதலில் அரைக்குடம், பிறகு முக்கால். தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். பையன்கள் சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு தூரத்துக் குழாய்க்குப் போவார்கள். அதை வேலை என்று சொல்வார்கள், எடுத்துவந்தால் டீ கிடைக்கும். நாங்கள் இடுப்பில் சுமந்ததற்குப் பெயர் எதுவும் இல்லை. முதல் பீரியடில் கண்ணைச் சுழற்றும். வகுப்பில் எந்தெந்தப் பெண்ணின் தெருவில் அன்று தண்ணீர் வந்தது என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அப்படிப் பிடித்த தண்ணீரை அம்மா செலவழித்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அரிசி களைந்த முதல் கழுநீர் வாசலில் இருக்கும் மண்தொட்டிக்கு. பால்காரர் மாட்டுக்கு எடுத்துப்போவார். காய் கழுவியது கறிவேப்பிலைக் கன்றுக்கு. பாத்திரத்தைச் சாம்பலால் உலர்வாகத் தேய்த்து எடுத்து, மூன்று தட்டுத் தண்ணீரில் வரிசையாக முக்குவாள். மூன்றாவது தட்டு அடுத்த வேளைக்கு முதல் தட்டு ஆகும். துணி அலசிய தண்ணீர் கக்கூஸ் வாளிக்கு. தலைக்குக் குளிக்கிற வெள்ளிக்கிழமைகளில், கரிப்புத் தண்ணீரில் சீயக்காய் போகாது என்பதால், கடைசியாக ஊற்ற அரைச்சொம்பு கார்ப்பரேஷன் தண்ணீர் எனக்கு மட்டும் கிடைக்கும். அதை அவள் தன் தலையில் ஊற்றிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

1987 கோடையில் பம்பு அநேகமாக ஊமையாகிவிட்டது. ஊருக்கு வருஷத்தில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்குமேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். அந்த மூன்று மாதம் பொய்த்தால் அடுத்த ஒன்பது மாதமும் பொய்த்த மாதிரிதான். பேப்பரில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளின் மட்டம் தினமும் வரும். அப்பா அதைத்தான் முதலில் பார்ப்பார். தெருமுனைக்கு லாரி வர ஆரம்பித்தது. வீட்டுக்கு ஆறு குடம். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் குடங்கள் இரவிலேயே வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு துணி. எங்களுடையது என் பழைய பச்சை ரிப்பன். லாரியின் ஹார்ன் கேட்டதும் அந்த வரிசைக்கு மதிப்பில்லாமல் போகும். பெரிய குழாயை இழுத்துத் தன் ட்ரம்மில் விட்டுக்கொள்ள ஓடுவார்கள். முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், குடத்தால் மண்டையில் அடித்திருக்கிறார்கள். அதே பெண்கள் மத்தியானம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிற்பாடு கல்லூரியில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் படித்தபோது ஜமுனாவையும் சாயாவையும்விட, அந்தத் தெருக்காரர்கள்தாம் எனக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்களாக இருந்தார்கள்.

பெரியவர்கள் பேச்சில் அப்போது எப்போதும் இரண்டு பெயர்கள். ஒன்று வீராணம். அம்மாவின் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். பஸ்ஸில் போகும்போது சாலையோரம் ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குப் பெரிய குழாய்கள் கிடக்கும். வீராணம் ஏரியிலிருந்து மெட்ராஸுக்குத் தண்ணீர் கொண்டுவர வாங்கிப்போட்டு, பாதியில் நின்றுபோன திட்டத்தின் மிச்சம். சிலவற்றுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. குழாயின் வாயில் சாக்குப் படுதா, உள்ளே அடுப்புப் புகை. தண்ணீர் வரவேண்டிய குழாய்க்குள் ஒரு பெண் குடத்தோடு நுழைவதை ஜன்னலோரத்திலிருந்து பார்த்தது எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு பெயர் கிருஷ்ணா. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் ஒப்பந்தம் போட்டார்கள். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்கும், வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. மெட்ராஸுக்கு வரும். நான்கு ஏரியும் விளிம்புவரை நிரம்பினால்கூட 11 டி.எம்.சி.யை ஒட்டித்தான் வரும். அதைவிட ஒரு நதி அதிகம் கொடுக்கப்போகிறது என்று அப்பா பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டுவார். என் பள்ளிப் படிப்பு முழுக்கக் கிருஷ்ணா வந்துகொண்டே இருந்தது. ஊத்துக்கோட்டை எல்லையை அது தொட்டது 1996இல். அதற்குள் நான் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டேன்.

நதி வருவதற்கு முன்னால் எங்கள் தெருவுக்கு மோட்டார் வந்தது.

எதிர்வீட்டில்தான் முதலில். ஒருநாள் விடியற்காலை ஆயா கைப்பிடியைப் பிடித்தாள், கனத்தது, குரல் கொடுத்தாள். ஒரு குடம்கூட நிரம்பவில்லை, கைப்பிடி திடீரென்று லேசாகிவிட்டது. எதிரே ஜன்னல் வழியாக ம்ம்ம் என்று ஒரு சத்தம். அரை எச்.பி. மோட்டாரை நேராகத் தெருக்குழாயில் மாட்டியிருந்தார்கள். சட்டப்படி அது கூடாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் குடத்தோடு எதிர்வாசலில் போய் நின்றார்கள். அந்த வீட்டு அக்கா வெளியே வந்தாள். அவள் மகள் நிறைமாசம், மருமகள் இல்லை, அவளுக்கே இடுப்புப் பிடிப்பு. "நா என்னா பண்ணட்டும், சொல்லுங்க. நீங்க வந்து அடிச்சித் தர்றீங்களா?" என்றாள். நின்றவர்களுக்குப் பதில் இல்லை. தினம் காலையில் மோட்டார் ஓடியது.

அப்புறம் ஒவ்வொரு வீடாக வாங்க ஆரம்பித்தார்கள். அப்பாதான் தெருவில் எல்லாருடைய பம்புக்கும் வாஷர் மாற்றித் தருகிறவர். காசு வாங்கமாட்டார். எருமைத்தோலை எண்ணெயில் ஊறவைத்து அவரே வட்டமாக வெட்டுவார். இப்போது மோட்டார் மாட்டித்தரச் சொல்லி அவரிடம் வந்தார்கள். முடியாது என்றார். "இது பக்கத்து வீட்டு வாயிலேர்ந்து உறியுற மாதிரி. நா செய்யமாட்டேன்." இந்தக் காரணத்தால் எங்கள் வீட்டிலும் மோட்டார் இல்லை. எனக்கு அப்பாவைப் பற்றி அவ்வளவு பெருமை. பள்ளியில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவுக்கு அந்தக் குளிர்காலத்தில் வலது மணிக்கட்டு வீங்கியது. மோட்டார்கள் ஓடி முடித்தபிறகு, குழாயில் மிச்சம் இருப்பதை அடித்து எடுக்க இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஒரு ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டில் ரசம் ஊற்றியபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நீங்க சொல்றது நாயந்தாங்க. ஒரு மாசம் நீங்க எழுந்து பம்பு அடிங்க. அதுக்கப்புறமும் மோட்டார் வேணாம்னு சொன்னீங்கன்னா நா வாயத் தொறக்க மாட்டேன்."

அப்பா பாதியில் கைகழுவவில்லை, கோபப்படவில்லை. சாப்பிட்டு முடித்தார். அந்த வாரக் கடைசியில் மோட்டார் வாங்கிவந்தார். மாட்டும்போது ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்கு அம்மாமேல்தான் வருத்தம். இப்போது யோசிக்கும்போது, அந்த நியாயத்தின் பாரம் முழுவதும் அவள் ஒருத்தியின் மணிக்கட்டில் இருந்தது என்று தெரிகிறது. ஒரு ஊர் தன் குழாய்களில் போதிய தண்ணீர் விடாதபோது, யார் நியாயமாக இருப்பது என்பதை வீட்டுக்கு வீடு முடிவுசெய்யச் சொல்லிவிடுகிறது. வீட்டுக்குள் அந்த முடிவுக்கு விலை கொடுப்பது பெண்களாகவே இருக்கிறார்கள்.

தெருவின் கோடியில் ஒரு ஆயா தனியாக இருந்தாள். இட்லி சுட்டு விற்பவள். அவளுடைய பம்பு மட்டும் மிஞ்சியது. எல்லா மோட்டாரையும் தாண்டி அவளிடம் எதுவும் போய்ச் சேரவில்லை. எங்கள் மோட்டார் ஓடிய முதல் நாளே அம்மா என் இடுப்பில் ஒரு குடத்தை வைத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு கோடிவீட்டுக்கு நடந்தாள். அது தினப்படி வேலையாயிற்று. ஆயா எங்களுக்கு நன்றி சொன்னதில்லை. குடத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு, "அது எங்கூட்டுத் தண்ணிதானே" என்பாள். அம்மா, "ஆமா ஆயா, உன்னுதுதான்" என்பாள்.

மோட்டார்கள் இழுத்த இழுப்பில் வேறொரு கேடும் வந்தது. மெட்ராஸில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பல தெருக்களில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. குழாயில் அழுத்தம் இருந்தால் ஓட்டை வழியே தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போய் உறிஞ்சல் வந்தால் வெளியே இருப்பது உள்ளே வரும். ஓட்டேரி நல்லாக் கால்வாயை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் நாற்றமடித்தது. 1992இன் கடைசியில் புதுவகைக் காலராக் கிருமி ஒன்று உலகத்திலேயே முதல்முதலில் மெட்ராஸில் தலைகாட்டியது. அந்த வருஷம் முதல் எங்கள் வீட்டில் கொதிக்கவைக்காத தண்ணீரை யாரும் குடித்ததில்லை. கிருஷ்ணாயில் செலவு இரட்டிப்பானது.

கிணறும் இறங்கிக்கொண்டே போனது. உறைக்கிணறு, எட்டிப் பார்த்தால் முகம் தெரிந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு கயிறு நீளமாயிற்று, பிறகு கிணற்றுக்குள்ளேயே துளை போட்டார்கள். பக்கத்தில் மூன்றுமாடிக் கட்டடம் வந்து போர் போட்டதும் எங்கள் துளையும் வற்றியது. மோட்டார் கதை மறுபடி நிலத்துக்கு அடியில் நடந்தது. சென்னையில் நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்த 1987இலேயே தனிச் சட்டம் வந்தது. தெருவில் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

நிலத்துக்கு அடியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை எனக்குச் சொல்லித்தந்தது எங்கள் வட்டாரத்துச் சாலைப் பெயர்ப்பலகைகள். மேடவாக்கம் டேங்க் ரோடு, சேத்துப்பட்டில் ஸ்பர் டேங்க் ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. தி.நகரே 1920களில் வடித்த நீளமான ஏரியின் படுகையில் எழுந்த ஊர். வில்லிவாக்கம் ஏரியை நான் ஏரியாகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை போகும்போதும் கரை இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருக்கும்.

2003இல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, எங்கள் வளாகத்தில் முதலில் குழாய் வாங்கிவந்தது அம்மா. கூரைத் தண்ணீரை நேராகக் கிணற்றுக்குள் விட்டாள். 2005இன் பெருமழையில் கிணறு நிரம்பியது. பல வருஷத்தில் முதல்முறையாகப் பாதிக் கயிறே போதுமானதாயிற்று. தண்ணீரைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, கரிப்பு குறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு குடித்தனமாகப் போய் எல்லாரிடமும் சொன்னாள். அவள் அவ்வளவு வெளிப்படையாகச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது குறைவு.

2004இல் புதிய வீராணம் திட்டம் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க ஆரம்பித்தார்கள். ஊர் அதற்குமேல் வேகமாகப் பெருத்தது. புறநகர்க் கிராமங்களில் விவசாயக் கிணறுகளில் குழாய் போட்டு நிரப்பிய தனியார் லாரிகள் ராப்பகலாக உள்ளே வந்தன.

2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் தரை தெரிந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். அது வந்து நின்றது எங்கள் வில்லிவாக்கம் ஸ்டேஷனில். அங்கிருந்து கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் குழாய். அப்பா இருந்திருந்தால் வேகன்களைப் பார்க்கவே போயிருப்பார். முதல் ரயிலுக்குத் தோரணம் கட்டியிருந்ததை டி.வி.யில் காட்டினார்கள். அம்மா மருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எங்கேர்ந்துடி வருது?"

"ஜோலார்பேட்டைம்மா. காவிரித் தண்ணி."

"அங்க இருக்கறவங்களுக்கு வருதா?"

மேட்டூரிலிருந்து வரும் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தில் உபரியாக இருப்பதைத்தான் அனுப்புகிறார்கள் என்று அதிகாரிகள் சொல்வதையும், வேலூர்ப் பக்கத்தில் தங்களுக்கே பற்றாக்குறை என்று எதிர்ப்பு கிளம்பியிருப்பதையும், பேப்பரில் படித்தபடி சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, அங்கே யார் வீட்டில் இப்போது பம்பு லொடலொடக்கிறது என்று தெரிந்தால் சொல் என்றாள், நிஜமாகவே விசாரித்துச் சொல்லமுடியும் என்பதுபோல.